கூழ் ஊற்றும் மைதானத்து மண்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். அடையாறு சிக்னலில் கால் மணி நேரம் போச்சு. ஆய்வகத்தில் ஏ.சி. உண்டு, கருவிக்காக, எங்களுக்காக இல்லை.

விவசாயி எல்லப்பனின் சரிவு நிலத்து ரிசல்ட் வந்தாச்சு. மழையோடு இறங்கும் ஈயம்-210, கதிர்வீசும் ஈயம், மேல்மண்ணில் ஒட்டிக்கொள்ளும். மண் அரித்துப் போனால் அதுவும் போகும். ஒப்பிட, பக்கத்தில் ஏர் படாத அம்மன் கோயில் மைதானம். அங்கே இருப்பதைவிட வயலில் ஈயம் அதிகம்! அதாவது மண் போகவே இல்லை.

“வருஷா வருஷம் மேல்மண்ணு ஓடுதும்மா” என்று அழாத குறையாகச் சொன்னார் மனுஷன். தடுப்பு வரப்பு கேட்டு அவர் போட்ட மனு என் அறிக்கையை நம்பித்தான் நிற்கிறது. பாவம். ஆனால் கருவி பொய் சொல்லாது. பதினோரு வருஷமாக இதே வேலை எனக்கு.

20, புதன்

மழை. வாங்க: தயிர், ரீஃபில், மாமியாருக்குக் கண் மருந்து. அறிக்கை முக்கால்வாசி. வெள்ளியன்று ஆய்வகத் தலைவர் சார் கையெழுத்து.

21, வியாழன்

மண் சலிக்கும் தாஸ் அண்ணன், சிந்தாதிரிப்பேட்டைக்காரர், கோயில் மண் டப்பாவை ஆட்டிப் பார்த்தார்.

“இன்னா மேடம், ஏரி மண்ணு மாரி கீது?”

“யாரும் தொடாத இடம்ணே. கோயில் மைதானம்.”

“சரிதான் போங்க! ஆடில ரெண்டு லோடு மண்ணு கொட்டி மட்டம் பண்ணாம எவன் கூழு ஊத்துவான்? எங்க பேட்டைலயே அப்டித்தான்.”

உடனே எல்லப்பனுக்கு ஃபோன்.

“ஆமாம்மா, வருஷம் தவறாம ஏரிலேர்ந்து டிராக்டர்ல வரும். ஏர் ஓட்டாத இடம்தானே கேட்டீங்க?”

அடக் கடவுளே. ஏரியை ஆழமாகத் தோண்டி எடுத்த மண்ணில் மழை ஈயம் எங்கிருந்து வரும்? அதை வைத்தா அவர் வயலை எடைபோட்டேன்! கருவி பொய் சொல்லவில்லை. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அறிக்கையை அழித்தேன்.

22, வெள்ளி

சாரிடம் நானே சொன்னேன். திட்டு, கொஞ்சம். மனு போன அலுவலகத்துக்கு ஒரு மாத அவகாசம் கேட்டுக் கடிதம்.

மறுபடி எல்லப்பன். இந்தத் தடவை எழுதி வைத்துக் கேட்டேன்: ஏர்? மண் லோடு? பந்தல் குழி? யோசித்துச் சொன்னார்: கோர்ட் கேஸில் கிடக்கும் பங்களாத் தோட்டம். அவர் அப்பா காலத்திலிருந்து பூட்டிய கேட். வக்கீல்களைத் தவிர யாரும் தொடவில்லையாம். சிரித்துவிட்டேன். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிண்டியில் பஸ். தாஸ் அண்ணனும் வருகிறார்.

ஃபோனை வைக்கும்முன் கேட்டார், “அங்க எடுத்தா எம் மண்ணு போனது தெரிஞ்சிடுமாம்மா?”

“போயிருந்தா தெரியும்” என்றேன்.

“போயிருக்கும்மா. நான்தான் வருஷா வருஷம் பாக்குறேனே.”