கல்கத்தா வரை இரண்டு நாள்

பாயா ரும்புட் தோட்டம், மலாக்கா
வைகாசி 9, 1936

அன்புள்ள அம்மாவுக்கு மகன் பெரியதம்பியின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

தங்கை மகனின் காதுகுத்துக்கு என்னால் வர முடியவில்லை. பெரியப்பா மகன், நம் கங்காணி மாயாண்டி அண்ணன்தான் தடுத்தார். "கப்பல்னா ஏழு நாள்டா. சிங்கப்பூர்ல பிளேன் ஏறுனா மூணு நாள்ல ஊரு. ரெண்டு வாரம் என் ஆளுங்களப் பாத்துக்க, அப்புறம் பறந்து போ லா" என்றார். நம்பினேன். நான் ஏறவேண்டிய கப்பலில் அவர் ஏறிப் போய்விட்டார்.

இன்று மலாக்கா தபாலாபீசில் விசாரித்தேன். விமானம் கல்கத்தாவுக்கு இரண்டு நாள். அங்கிருந்து ஊருக்கு ரயிலில் மூன்று நாள். அங்கே குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணி சிரித்தார். "ஒங்க கடுதாசி ஏறும் அண்ணே, நீங்க ஏற முடியாது. அது தொரைமாருங்க சீட்டு." நானும் சிரித்துவைத்தேன். அடுத்த கப்பல் காதுகுத்து முடிந்த பிறகுதான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள்.

தபால் பையைக் கட்டுகிறார்கள். இந்தக் கடிதம் விமானத்தில் வருவதால் காதுகுத்து நாளுக்கு முன்பே கிடைத்துவிடும். தாய்மாமன் முறை என்று அண்ணன் வந்து உட்காருவார். அவர் மடியில் பிள்ளையை வைக்காதீர்கள். பெட்டியில் என் வேட்டி இருக்கிறது. அதை உங்கள் மடியில் விரித்து, பிள்ளையை அதில் வைத்துக் காது குத்துங்கள்.

பெரியதம்பி