மாதிரிப் படிவத்தில் இருந்த பெயர்

இன்று காலை கடை ஷட்டரைத் தூக்கியதும் உன் கையெழுத்து தரையில் கிடந்தது. மலையில் மூன்று நாளாக விடாத ஈரம். சுவரில் ஒட்டியிருந்த டேப் பிடி விட்டுப்போய், அந்தத் தாள் ஜெராக்ஸ் மெஷினுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் குப்புற விழுந்திருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஏன் முகர்ந்தேன் என்று கேட்காதே. பழைய பசையும் பூஞ்சையும் கலந்த வாடைதான் வந்தது.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரைச் சேர்க்கக் கோரும் மனு. மேல் மூலையில் சிவப்பு மையில் 'மாதிரி' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாய். குழந்தையின் பெயர் என்ற இடத்தில், உன் குண்டு குண்டான எழுத்தில், 'தூறல்'. ஒட்டுவதா, எடுத்து வைப்பதா என்று தெரியாமல் அதை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போய் மூன்றரை வருஷம் ஆகிறது. இந்த ஒரு தாளால் நான் பட்ட பாட்டை வேறு யாரிடம் சொல்வது? திட்டுவதானாலும் நீதான் திட்ட வேண்டும்.

அந்தப் பெயர் கிடைத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாப்பா உன் வயிற்றில் எட்டு மாதம். செங்கத்தில் கடைக்குப் பேப்பர் கட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மலையேறிக்கொண்டிருந்தோம். பாதி வளைவில் கண்டக்டர், "தூறலு அடிக்குது, ஜன்னல மூடுங்கப்பா" என்று குரல் கொடுத்தார். எல்லாரும் மூடினார்கள். நீ மட்டும் மூடாமல் கையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாய். முன்சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார்.

"இன்னாய்யா, இதையே வச்சா இன்னா?" என்றாய்.

நாலு பேர் முன்னால் என்னை 'இன்னாங்க' என்பாய், தனியாக இருந்தால் 'இன்னாய்யா'. பஸ் நிறைய ஆள் இருந்தும் 'இன்னாய்யா' என்றதால் விஷயம் பெரிது என்று புரிந்தது.

"எதையே?"

"தூறலு. மழைன்னா கொட்டிட்டுப் போய்டும். தூறலு நின்னு நாலு வார்த்த பேசிட்டுப் போவும்."

உன் பிடிவாதத்துக்குக் காரணம் உன் பெயர்தான். உங்கள் ஊரில் முதல் பெண்ணுக்குக் குலசாமி பெயரைத்தான் வைப்பார்கள். சின்ன ஊர், ஏழு பேருக்கு ஒரே பெயர், அதனால் ஒவ்வொருத்திக்கும் முன்னால் ஒரு ஒட்டு. மேட்டு வூட்டுக்காரி ஒருத்தி, கெணத்து வூட்டுக்காரி ஒருத்தி, திக்குவாய் ஒருத்தி. உனக்குக் கிடைத்தது 'தெத்துப்பல்லு'. நீ டிகிரி முடித்து வந்த பிறகும், நம் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன வீட்டிலும், "யாரு, தெத்துப்பல்லா?" என்றுதான் கேட்டார்கள். சிரித்துக்கொண்டே தலையாட்டினாய். வெளியே வந்த பிறகு சிரிக்கவில்லை. "நம்ம கொழந்த பேருக்கு முன்னால ஒரு சொல்லு வரக் கூடாதுய்யா. வெறும் பேரு. கூப்ட்டா அது மட்டும் திரும்பணும்" என்றாய். கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் குழந்தைக்குப் பெயரா என்று நான் கிண்டல் செய்தேன்.

பாப்பா பிறந்ததும் செங்கத்திலிருந்து என் அக்கா வந்தாள். பெயரைக் கேட்டுக் கையிலிருந்த வெந்நீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். "மழைக்கா பேரு வைப்பாங்க? அடுத்தது பொறந்தா வெயிலுன்னு வைப்பீங்களா?"

"வெயிலும் நல்லாத்தான் கீது அண்ணி" என்றாய், முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் வேறு தேடிப் பார்த்தாய். தூறல் என்று போட்டால் வானிலைச் செய்திதான் வந்தது. "பாருய்யா, ஒரு மனுசருக்கும் இல்ல" என்றாய். பரீட்சையில் முதலாவதாக வந்த பெண் மாதிரி இருந்தது உன் முகம்.

மனு எழுதிக் கொடுக்கிற நம் தொழிலே இதில் குறுக்கே வரும் என்று அன்று யார் கண்டது? மலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வரை பாப்பா, குட்டி, பையா என்றே ஓட்டிவிடுகிறார்கள். சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருக்கும். சேர்க்கை நேரம் வந்துவிட்டால் நம் கடை வாசலில் கூட்டம். எந்த வரியில் எதை எழுதுவது என்று ஆளாளுக்குக் கேட்கவே, மாதிரி ஒன்று எழுதி ஒட்டலாம் என்று நீதான் சொன்னாய். முதலில் ஒட்டியதில் பெயர் வரும் இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தாய். வந்தவர்களும் அதைப் பார்த்து அந்த இடத்தில் கோடே போட்டுக் கொடுத்தார்கள். கோட்டோடு போன மனு கோட்டோடு திரும்பி வந்தது. தலையில் கை வைத்துக்கொண்டாய்.

"நம்ம பாப்பாவுக்கு எழுதின மாதிரியே இன்னொண்ணு எழுதி ஒட்டிடு" என்றேன். ஆமாம், நான்தான்.

"பேர மட்டும் வேற எதுனா மாத்தி எழுதுறன்யா."

"எவன் இதப் பாத்துப் பேரு வைக்கப் போறான்? நம்ம பொண்ணு பேரு செவுத்துல இருந்தா அழகா கீது, வுடு."

இந்த வார்த்தையை அதற்கப்புறம் எத்தனை தடவை எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

முதல் ஆள் நீ இருக்கும்போதே வந்துவிட்டார். தூரத்து ஊர்க்காரர், கூடவே மனைவி, அவள் இடுப்பில் பிள்ளை. அரை மணி நேரம் சுவரைப் பார்த்துப் பார்த்து எழுதி நீட்டினார். குழந்தையின் பெயர் தூறல். தாயின் பெயர் உன் பெயர். தகப்பன் பெயர் என் பெயர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"அண்ணா, இது எங்க பேருங்க. உங்க பேர எழுதணும். பாப்பா பேரு இன்னாங்க?"

"பாப்பா தாம்மா."

"அது கூப்புடற பேரு. எழுதுற பேரு?"

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா சுவரைப் பார்த்தாள். "மத்ததெல்லாம் அடிச்சிடும்மா. பாப்பா பேரு மட்டும் அப்படியே இருக்கட்டும். உன் எழுத்துல பாக்க நல்லா கீது" என்றாள்.

நீ என்னைப் பார்த்தாய். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. புது மனு எடுத்து நீயே எழுதிக் கொடுத்தாய். அன்று சாயங்காலம் சாமைச் சோறு போட்டு முடிக்கும் வரை என்னோடு பேசவில்லை. கை கழுவும்போது, "ஒண்ணு தான, போவட்டும்" என்றாய். நாளைக்கே அந்தத் தாளைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். நாளை என்று தள்ளிப்போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது உனக்குத் தெரியும்.

அதற்குள் உன் கண் மஞ்சளாகிவிட்டது. அமிர்தி வழியாக வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போகும்போது என் மடியில் தலை வைத்திருந்தாய். ஆறு நாள். எல்லாம் முடிந்து கடைக்கு வந்து சுவரைப் பார்த்தேன். எப்படிக் கிழிப்பேன், சொல். வீட்டில் உன் புடவைகள் இருக்கின்றன, போட்டோ இருக்கிறது. ஆனால் நீ எழுதியதெல்லாம் ஊர்க்காரர்களின் மனுவாக ஏதேதோ ஆபீசுக்குப் போய்விட்டது. உன் கையெழுத்து என்று என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் நான் ஆளாக இல்லை. சேர்க்கை நேரத்தில் கூட்டம் வந்தது. நீட்டியதை வாங்கிக் கம்ப்யூட்டரில் அடித்தேன். விரல்தான் அடித்தது, கண் பார்க்கவில்லை. விழித்துக்கொண்டபோது காரியம் கைமீறிப் போயிருந்தது. மேல் ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் வேறு பெயர் வையுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"இல்லீங்க, அது ராசியான பேரு. எங்க பெரியவளோட மனு ரெண்டு தபா திரும்பி வந்துச்சி. தூறலுன்னு எழுதினவங்களுக்கு ஒரே தபாவுல சர்டிபிகேட் வந்துடுதாம்."

"அது பேரால இல்லம்மா. எழுத்துப்பிழை இல்லாம இருந்தா எந்தப் பேரும் வரும்."

"அதான் நானும் சொல்றேன். செவுத்துல இருக்கறத அப்படியே எழுதினா பிழை வராதில்ல?"

அன்றே ஒரு காலண்டர் தாளை மேலே ஒட்டிப் பெயரை மறைத்தேன். தூக்கிப் பார்த்து எழுதினார்கள். மறைத்து வைத்ததால் இன்னும் விசேஷமான பெயராகிவிட்டது. அரசாங்கமே ஒத்துக்கொண்ட பெயர் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் பேரனுக்கே அந்தப் பெயரை வைக்கலாமா என்று கேட்டார். ஒருத்திக்கு மட்டும் என்று நீ பொறுக்கியெடுத்த பெயரை ஊருக்கே பந்தி வைத்துவிட்டேன்.

போன மாதம் சந்தையில் நின்றிருந்தேன். "தூறலு, அங்க போவாத, வண்டி வருது" என்று ஒரு குரல். கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஓடினேன். மூக்கு ஒழுகிக்கொண்டு வேறு ஒரு பிள்ளை நின்றது. அதன் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்க ஜெராக்ஸ் கட அண்ணன் தான? உங்க வூட்டுப் பேரு தாங்க வச்சிருக்கோம்" என்று முகமெல்லாம் மலர்ந்து, கூடையிலிருந்து நாலு சீத்தாப்பழம் எடுத்து என் பையில் போட்டாள். இப்படிப்பட்டவர்களிடம் எப்படிக் கோபப்படுவது? நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

நம் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. அந்த வகுப்பில் மட்டும் நாலு தூறல். டீச்சர் இனிஷியல் போட்டுக் கூப்பிடுகிறார், அதிலும் இரண்டு பேருக்கு ஒரே எழுத்து. பிள்ளைகள் தங்கள் வழியில் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் டீச்சர் என்னை வரச் சொல்லி, நேராகப் பார்க்காமல் பேசினார்.

"ஒண்ணு குண்டு தூறலுங்க. ஒண்ணு கண்ணாடி தூறலு. ஒண்ணு ஹாஸ்டல் தூறலு."

"எங்களுதுங்க?"

"அம்மா இல்லாத தூறலு."

டீச்சர் கையிலிருந்த வருகைப் பதிவேட்டை மூடினார். "நான் சொல்லிப் பாத்துட்டேங்க. பசங்க கெட்ட எண்ணத்துல சொல்லல, அவங்களுக்கு அது ஒரு அடையாளம். உங்க பொண்ணும் அப்படிக் கூப்ட்டா திரும்புதுங்க" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை அங்கிருந்த பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது. திரும்புகிறாளாம்.

தெத்துப்பல்லு என்றதையே நீ அத்தனை வருஷம் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தாய். இவள் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருப்பது நீ இல்லாதது. எனக்கு ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பிள்ளைகள்மேல் முடியாது. சுவரைப் பார்த்து நம்பி எழுதியவர்கள்மேல் முடியாது. உன்மேலும் கொஞ்சம் வந்தது, மன்னித்துக்கொள். அவ்வளவு அழகாக நீ எழுதியிருக்க வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்கு வந்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்பா, பேரு மாத்துற மனுவும் நீ தான போடுவ?"

"ஆமா."

"எனக்குப் போடு."

மனுவைத் திறந்தேன். பழைய பெயர் என்ற இடத்தை நிரப்பினேன். அடுத்தது, பெயர் மாற்றத்துக்கான காரணம். மற்றவர்களுக்கு அந்த இடத்தில் நான் யோசிக்கவே மாட்டேன். எழுத்துப்பிழை, எண் கணிதம், ஏதோ ஒன்றைத் தட்டிவிடுவேன்.

"காரணம் கேக்குதும்மா. இன்னா போடட்டும்?"

"அம்மா இல்லாத தூறலுன்னு கூப்புடுறாங்கன்னு போடு."

அவள் சொன்னபடியே அடித்தேன். திரையில் பார்க்கச் சின்ன வாக்கியமாகத்தான் இருந்தது.

"புதுப் பேரு இன்னா வேணும்?"

காலை ஆட்டிக்கொண்டு யோசித்தாள். எந்தப் பெயரைச் சொன்னாலும் அடித்துவிடுவது என்று காத்திருந்தேன். அவள் பெயர் எதுவும் சொல்லவில்லை.

"புதுப் பேரு வச்சா அதுக்கு முன்னால இன்னா சொல்வாங்கப்பா?"

"அந்தப் பேருல வேற யாரும் இல்லன்னா முன்னால ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா."

"சொல்வாங்க."

"ஏன்?"

"பேர மாத்தினாலும் அம்மா இல்ல தானப்பா."

குரலில் அழுகை எதுவும் இல்லை. கணக்குப் பாடத்தில் நான் விட்ட தப்பைத் திருத்துகிற மாதிரி சொன்னாள். அப்புறம் ஸ்டூலிலிருந்து இறங்கி, "வேணாம்ப்பா, அழிச்சிடு. வூட்டுக்குப் போலாம்" என்றாள். ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். மொத்தமாக அழிக்கிற வழி எனக்குத் தெரியும், அன்று கை வரவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது வழி நெடுகப் பள்ளிக்கூடத்துக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். குண்டு தூறல் அவளுடைய ரப்பரை எடுத்துக்கொண்டதையும், ஹாஸ்டல் தூறலுக்கு நீச்சல் தெரியும் என்பதையும் சொன்னாள். நான் உம் கொட்டிக்கொண்டே வந்தேன். அன்றிலிருந்து அவள் சொன்னதைத் தூக்கிக்கொண்டே திரிகிறேன். நீ இருந்திருந்தால் அவளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று நாள் முழுக்க யோசிக்கிறேன். நீ இருந்திருந்தால் அவள் அதைச் சொல்லியே இருக்க மாட்டாள்.