இருமல் கேட்காத அரங்கு

மார்ச் 3, செவ்வாய்

டைரக்டர் பையன் ஒல்லியின் படத்தை இன்று முதல்முறையாக வெளியாட்களுக்குப் போட்டுக் காட்டினோம். சின்ன அரங்கு. தையல் கடைப் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், வங்கி ஊழியர்கள் என்று தம்பி கலந்துகட்டிக் கூட்டி வந்திருந்தான். நான் வழக்கம்போல் கடைசி வரிசை ஓரத்தில், கண்ணை மூடிக்கொண்டு.

படம் பார்ப்பது என் வேலை இல்லை. பார்க்கிறவர்களைக் கேட்பதுதான் என் வேலை. இருபது வயதில் தியேட்டரில் டிக்கெட் கிழித்துவிட்டுக் கதவோரம் நின்றபோது கற்றுக்கொண்ட வித்தை இது. படத்தில் மனசு ஒட்டியிருந்தால் யாருக்கும் இருமல் வராது. அலுப்புத் தட்டிவிட்டால் ஒருவர் தொண்டையைச் செருமுவார், இன்னொருவர் நாற்காலியில் புரளுவார், மூன்றாமவருக்கு இருமல் தொற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் வெட்ட வேண்டும். நான் தயாரித்த இருபத்தாறு படங்களையும் இப்படித்தான் வெட்டி வெளியிட்டேன். முதுகுக்குப் பின்னால் எனக்குக் ‘கத்திரி’ என்று பேர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம்.

இன்று ஒரு இருமல்கூட இல்லை! ஆபரேஷன் அறைக்கு வெளியே, ஆஸ்பத்திரி வராந்தாவில் பஸ் டிரைவரின் மனைவி காத்திருக்கும் அந்த ஒன்பது நிமிடக் காட்சி — பேச்சு இல்லை, இசை இல்லை, எடிட்டிங்கிலேயே நான் பயந்த இடம் — அதில்கூட அரங்கு மூச்சு விடவில்லை. விளக்கு எரிந்ததும் ஒல்லியிடம் போய், “ஒரு ஃப்ரேமைத் தொடாத” என்றேன். என் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை எந்த டைரக்டரும் கேட்டதில்லை. அவனுக்கு இது முதல் படம். கண் கலங்கிவிட்டான்.

மார்ச் 4, புதன்

தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். “அக்கா, அந்த வராந்தா சீன்ல ஜனம் நல்லா நெளிஞ்சாங்க. உனக்குக் கேக்கலையா?” என்றான். கணக்கு வழக்கைப் பார், காதை என்னிடம் விட்டுவிடு என்று எரிந்து விழுந்தேன்.

மார்ச் 9, திங்கள்

ஒலிக்கலவை. வசனம் அமுங்குகிறது, ஏற்றுங்கள் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். சவுண்டுக்காரர் ஒல்லியைப் பார்த்தார், ஒல்லி தரையைப் பார்த்தான். “மேடம், இதுக்கு மேல ஏத்தினா ஸ்பீக்கர் கிழிஞ்சிடும்” என்றார் அவர். வண்டியில் திரும்பும்போதுதான் உறைத்தது: அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். மனுஷன் அதிர்ச்சி அடையவே இல்லை. “நம்ம வீட்டு நியூஸைக் கேட்டுட்டு பக்கத்து வீட்டுக்காரங்க டிவி வாங்கறதையே விட்டுட்டாங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம்” என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றால், எத்தனையோ தடவை சொன்னாராம். எனக்குக் கேட்கவில்லையாம்!

மார்ச் 12, வியாழன்

காது டாக்டர். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் மளமளவென்று அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. அடுத்தது வரட்டும் என்று பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பரிசோதித்த பெண் கதவைத் திறந்து, “முடிஞ்சுதும்மா” என்றாள். “மிஷின் நடுவுல நின்னு போச்சே?” என்றேன். அவள் என் தோளைத் தொட்டாள்.

மெல்லிய சத்தங்கள் போய்விட்டனவாம். இரண்டு வருஷமாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்குமாம். காதுமிஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் கிடைக்கும் என்றார் டாக்டர்.

மார்ச் 13, வெள்ளி

அப்படியென்றால் அன்றைக்கு அரங்கு அமைதியாக இல்லை. நான்தான் —

மார்ச் 14, சனி

போன வருஷம் ரெண்டு படம் ஊத்திக்கிச்சு. ஜனத்தோட ரசனையே கெட்டுப்போச்சுன்னு மேடை மேடையா பேசினேனே. ரசனை எங்க கெட்டுது? என் காதுதானே போயிருக்கு!

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். இவரையும் டாக்டரையும் தவிர யாருக்குத் தெரியும்? ஆனால் ஏப்ரல் பத்து ரிலீஸ். ‘கத்திரி மேடமே கை வைக்கல’ என்று ஒல்லி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். படம் கவிழ்ந்தால் எனக்கு இருபத்தேழில் ஒன்று. அவனுக்கு இருப்பதே ஒன்று. அடுத்த படத்துக்கு எவன் கூப்பிடுவான்?

சொல்லிவிட்டால்? இந்தத் தொழிலில் காதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

மார்ச் 16, திங்கள்

சொல்லிவிட்டேன். ஆபீஸில், தம்பியையும் வைத்துக்கொண்டு. ஒல்லி முதலில் சிரித்தான், விளையாடுகிறேன் என்று. பிறகு முகம் வெளுத்துவிட்டது.

“அப்ப படம் நல்லா இல்லையா, மேடம்?”

“தெரியலப்பா.”

“சரி, ஜனத்தை விடுங்க. உங்களுக்குப் புடிச்சுதா?”

இத்தனை வருஷத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு எது பிடிக்கும்? எது பிடிக்காது? அவன் கோபமாக எழுந்து போய்விட்டான். கோபப்படட்டும், நியாயம்தான்.

தம்பி குத்திக் காட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ என் பையைத் தூக்கிக்கொண்டு, எனக்குக் கொஞ்சம் நன்றாகக் கேட்கிற பக்கமாகப் பார்த்து வண்டி வரைக்கும் நடந்து வந்தான்.

மார்ச் 19, வியாழன்

மறுபடியும் வெளியாட்களுக்குக் காட்டினோம். என் நாற்காலியில் தம்பி. வெளியே வந்து நேராகவே சொன்னான்: “ரெண்டு இடம் சின்னது, சரி பண்ணிடலாம். வராந்தாவுல இருமல் தாங்கலக்கா. வெட்டிடு.”

ஒல்லி என்னைப் பார்க்காமலே, “மேடம் சொன்னா வெட்டிடறேன்” என்றான்.

மார்ச் 21, சனி

காதுமிஷின் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு எடிட்டிங் அறையில் தனியாக உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டு, தொடக்கத்திலிருந்து.

வராந்தாவில் அந்த டிரைவரின் மனைவி மடியில் கணவனின் சட்டையை வைத்திருக்கிறாள். ஆபரேஷன் அறைக் கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்கிறாள், உட்காருகிறாள். கடைசியில் எழுந்திருக்கத் தெம்பில்லை. கதவு திறக்கும்போது கால் விரல்கள் மட்டும் தரையை அழுத்துகின்றன. இவருக்கு நெஞ்சுவலி வந்த வருஷம் நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அன்று அது ஒன்பது நிமிடத்தில் முடியவில்லை. அழுதேன், வெட்கமில்லாமல்.

எனக்குப் பிடித்திருக்கிறது. தம்பி சொன்ன இரண்டு இடங்களை வெட்டச் சொன்னேன். வராந்தா அப்படியே இருக்கட்டும் என்றேன். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

“ஊத்திக்கிட்டா?”

“ஊத்திக்கட்டும். என் பேர்ல ஊத்திக்கட்டும். பையன் வெட்டத் தயாரா இருந்தான், நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்னு எல்லார்கிட்டயும் சொல்லு.”

ஒல்லி வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தவன், “டீ சொல்லட்டுமா மேடம்?” என்று மட்டும் கேட்டான். சரி என்றேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

காலைக் காட்சி பாதி காலி. ‘வராந்தாவில் நாமும் சேர்ந்து ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறோம்’ என்று ஒரு விமர்சனம். நக்கல்தான். ஒல்லி போனை எடுக்கவில்லை. பேட்டி கேட்டு வந்தவர்களிடம் அந்தக் காட்சிக்குப் பொறுப்பு நான் என்று சொன்னேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

காதுமிஷின் பழகிவருகிறது. குழாய் சொட்டுவது, ஃபிரிட்ஜ் முனகுவது எல்லாம் கேட்கிறது. இவருடைய குறட்டையும். இரண்டு வருஷம் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறேன்!

ஏப்ரல் 26, ஞாயிறு

மூன்றாவது வாரம். ஓடுகிறது, ஓஹோ என்று இல்லை. சில தியேட்டரில் எடுத்துவிட்டார்கள், சில தியேட்டரில் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஒல்லியை வேறொரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. என்னிடம் சொல்லத் தயங்கினான். போய் வா, ராசா, என்றேன்.

மதியக் காட்சிக்குத் தம்பியோடு போனேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு, நடு வரிசையில். படம் முடிந்து கூட்டத்தோடு படியிறங்கும்போது தம்பிக்குப் பொறுக்கவில்லை.

“வராந்தாவுல எப்படிக்கா? இப்பதான் மிஷின் இருக்கே. ரொம்ப இருமினாங்களா?”

“கவனிக்கலடா,” என்றேன். “படம் பாத்துக்கிட்டிருந்தேன்.”