முப்பத்தெட்டுக் கிணறுகள்

இன்று காலை ஒரு மாணவி என் மேசையில் வைத்துவிட்டுப் போன தாள் இன்னும் சூடாக இருந்தது. ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தச் சூட்டையும் மை வாசனையையும் உன் ஞாபகம் இல்லாமல் கடந்துபோக நான் பழகிப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை.

அது ஒரு பரிந்துரைக் கடிதம். அந்தப் பெண்ணை மேற்படிப்புக்கு எடுத்துக்கொள்ளுமாறு நான் சிபாரிசு செய்வதாக அவளே எழுதியிருந்தாள். அதில், அவளை மூன்று வருடமாக எனக்குத் தெரியும் என்று நான் சொல்கிறேன். உண்மையில் ஏழு மாதமாகத்தான் தெரியும். அவள் உழைப்பாளி, நேரம் தவறாதவள், கீழ்ப்படிபவள் என்றும் சொல்கிறேன். கடைசியில் என் பெயருக்குக் கீழே என் பதவியை ஒரு படி உயர்த்திப் போட்டிருந்தாள். எங்கள் நிர்வாகத்துக்கு இத்தனை வருடம் வராத மனசு அவளுக்கு வந்திருக்கிறது.

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மாணவர் எழுதுவார், ஆசிரியர் கையெழுத்துப் போடுவார் என்பதுதான் நம் ஊர்க் கல்லூரிகளின் வழக்கம். இப்போது அதற்கு மேலே ஒரு பெயர்ப்பலகையும் மாட்டியிருக்கிறோம். நான் இந்தக் கல்லூரியின் வழிகாட்டித் திட்ட ஒருங்கிணைப்பாளர். ஒவ்வோர் ஆசிரியருக்கும் இருபது மாணவர்கள், மாதம் ஒரு சந்திப்பு, சந்தித்ததற்கு ஒரு பதிவேடு. ஆய்வுக்குழு வரும் வாரத்தில் அந்தப் பதிவேட்டில் எல்லா மாதங்களும் ஒரே பேனாவில் நிரம்பிவிடும். யாரும் யாருக்கும் வழிகாட்டவில்லை என்று சொல்ல முடியாது. எங்கே கையெழுத்திட வேண்டும் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

நாம் இருவரும் சேர்ந்து படித்த காலத்து நம் சார் கெட்டவர் இல்லை. வேதியியல் துறையில் இளங்கலைப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று எல்லாரும் கேட்டபோது, நம் இருவரையும் கூப்பிட்டு, கோவளத்திலிருந்து திருவிடந்தை வரை கடலோரக் கிணறுகளில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து வரச் சொன்னார். பேனா மாதிரி இருந்த அந்த உப்பு மீட்டரைத் தன் சம்பளத்தில்தான் வாங்கிக் கொடுத்தார். முதல் இரண்டு நாள் நம்மோடு மணலில் நடந்தார். மூன்றாம் நாள் அவருடைய முழங்கால் அவரைக் கல்லூரியிலேயே இருக்கச் சொல்லிவிட்டது. அதன்பிறகு நாம் நீட்டிய எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அதை அவர் நம்பிக்கை என்று அழைத்தார்.

நான் செங்கல்பட்டிலிருந்து வருவேன். நீ தையூர்ப் பக்கத்திலிருந்து வருவாய். உன் அப்பா படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. நாள் முழுக்கத் தண்ணீர் லாரிகளுக்குக் கேட்டைத் திறந்துவிடுவதுதான் தன் வேலை என்று சொல்வார். உன் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நீ. என் வீட்டில் நான் மூன்றாவது. ஆகவே என் படிப்பில் யாருக்கும் பிரமிப்பு இல்லை. பட்டம் வாங்கினால் கல்யாணம் என்று ஒரு ஜாதகம் தயாராக இருந்தது.

திருவிடந்தைக் கிணறு உனக்கு நினைவிருக்கும். நினைவிருக்கும் என்று எழுதுவது பழக்கதோஷம். மீன் விற்கும் ஓர் அக்கா வீட்டுக் கிணறு அது. நீ மீட்டரை வாளியில் விட்டுக்கொண்டிருந்தபோது அந்த அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, தண்ணி நல்லா கீதா இல்லியான்னு வாயில ஊத்திப் பாத்தா தெரியாதா, அதுக்கு ஒரு மிஷினா என்று கேட்டார்.

"நாக்குக்கு நம்பர் தெரியாதுக்கா."

"நம்பர் தெரிஞ்சி இன்னா பண்ணப் போற? கொழம்பா வெக்கப் போற?"

நீ சிரித்துக்கொண்டே நம்பரை எழுதினாய். அது கடலில் பாதி உப்பு. அங்கிருந்து நாற்பது காலடி தள்ளி, சவுக்குத் தோப்பு ஓரம் இன்னொரு கிணறு. அதில் இளநீர் மாதிரித் தண்ணீர். நான் மீட்டர் பழுதாகிவிட்டது என்றேன். நீ இரண்டு கிணற்றுக்கும் நடுவில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். சவுக்குத் தோப்புக்குக் கீழே மணல் மேடாக இருந்தது. அக்கா வீட்டுப் பக்கம் தட்டையாக இருந்தது.

"அக்கா, இங்க ஒரு மேடு இருந்துதா?"

"இருந்துது."

"எங்க போச்சு?"

"லாரில போச்சு."

எங்கேயோ ஒரு மனைப்பிரிவை மட்டப்படுத்துவதற்காக அள்ளிப் போயிருக்கிறார்கள். மேடு மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்துக் கடலை அந்தப் பக்கமே நிறுத்தியிருந்தது. மேடு போனதும் கடல் உள்ளே வந்துவிட்டது. கேளம்பாக்கம் திரும்பும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே நீ இதை எனக்கு விளக்கினாய். உப்பை அளந்து பட்டியல் போடுவதுதான் நமக்குத் தரப்பட்ட வேலை. மேடு எங்கே போயிற்று என்று கேட்டவள் நீ. அந்த ஒரு கேள்வியில் நம் பட்டியல் ஆராய்ச்சியாக மாறியது.

வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இருவரும் விண்ணப்பித்தோம். எம்.எஸ்ஸி., பிஎச்.டி. இரண்டும் சேர்ந்த படிப்பு, மாதாமாதம் உதவித்தொகை. அது இல்லாமல் உன்னால் படிக்க முடியாது. அது இல்லாவிட்டால் எனக்கு ஜாதகம். பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனபோது சார் ஒரு யோசனை சொன்னார்.

"அவங்கவங்க கடிதத்தை அவங்கவங்களே எழுதினா கூச்சத்துல கம்மியா எழுதுவீங்க. அவளுக்கு நீ எழுது, உனக்கு அவ எழுதட்டும். நான் கையெழுத்து போட்டுடறேன்."

நாம் கிளம்பும்போது, ஒரே கல்லூரியிலிருந்து இரண்டு பேரை அவர்கள் எடுக்கமாட்டார்கள் என்று நினைப்பதாகவும் சொன்னார். நினைப்பதாகத்தான் சொன்னார். நான் அதைச் சட்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

உன்னைப் பற்றி நான் எழுதியதை இத்தனை வருடம் மனத்தில் திருத்தி எழுதி வைத்திருந்தேன். பெருந்தன்மையாக எழுதியதாகவே ஞாபகம். என்ன எழுதினேன் என்பது இதுதான்: உழைப்பாளி, நேரம் தவறாதவள், கையெழுத்து அழகானது, சொன்னதைச் செய்பவள், முப்பத்தாறு கிணறுகளில் அளவெடுக்க உதவினாள், எதிர்காலத்தில் மிகச் சிறந்த பள்ளி ஆசிரியையாக விளங்குவாள். ஒரு பொய்கூட இல்லை. ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகும் கடிதத்தில் கையெழுத்து அழகானது என்று எழுதினால் அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாமலா அந்த வரியை மூன்று முறை அடித்து எழுதினேன்?

அதைக் கேளம்பாக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் டைப் செய்யக் கொடுத்து, நேரே சார் அறையில் கொடுத்துவிடச் சொன்னேன். மறுநாள் நீதான் இரண்டு கடிதத்தையும் கொண்டுவந்தாய். கடையில் கூட்டமா இருந்துது, நானே வாங்கினு வந்துட்டேன் என்றாய். தாள்கள் உன் கையில் சூடாக இருந்தன. எனக்காக நீ எழுதியதை மட்டும் எடுத்து நீட்டினாய், சரியா கீதான்னு பாத்துக்கோ என்று.

நான் பார்த்தேன். இரண்டு பக்கம். என் பொறுமையை, நான் கணக்குப் போடும் வேகத்தை, எனக்கே தெரியாத என் நல்ல குணங்களை நீ கவனித்து வைத்திருந்தாய். இரண்டாம் பக்கத்தில், மணல்மேடு எங்கே போயிற்று என்ற கேள்வியை முதலில் எழுப்பியவள் இவள்தான் என்று எழுதியிருந்தது.

நான் அதைத் திருத்தவில்லை. நல்லா கீது என்றேன்.

சார் அறைக்கு நடக்கும்போது நீ கேட்டாய்:

"இன்னாடி, நான் டீச்சரா நல்லா வருவனா?"

உன் அப்பா பி.எட். படிக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதைத்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன்.

"நீ எதுவா ஆனாலும் நல்லாத்தான்டி வருவ."

"அப்ப சரி" என்றாய். சார் இரண்டிலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். உறைகளை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேலும் ஒரு கையெழுத்துப் போட்டார். உள்ளே இருப்பதை யாரும் படித்துவிடக் கூடாது என்பதில் அவர் கவனமானவர்.

எனக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. உனக்கு வரவில்லை. நேர்முகத்தில் அந்த மேட்டைப் பற்றித்தான் இருபது நிமிடம் கேட்டார்கள். கேளம்பாக்கம் பஸ்ஸில் நீ சொன்னதைச் சொன்னேன். அங்கே சேர்ந்து இரண்டாம் வருடத்தில், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரே ஆண்டில் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களை நான் வரவேற்றுக் காபி வாங்கிக் கொடுத்தேன். அந்தக் காபியின் கசப்பு சர்க்கரைக் குறைவால் வந்தது என்றுதான் அப்போது முடிவு செய்தேன். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் உன் பெயர் இருக்கிறது. கேண்டீன் அண்ணனுக்கு அடுத்த பெயர்.

நீ பி.எட். முடித்தாய். கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளியில் சேர்ந்தாய், அங்கேயே கல்யாணமும் ஆகித் தங்கினாய். நான் படூரில் இந்தக் கல்லூரிக்கு வேலைக்கு வந்தபிறகு வருடத்துக்கு ஒருமுறை உன் பிள்ளைகளை எங்கள் ஆய்வகத்துக்கு வரிசையாகக் கூட்டிவருவாய். மேடத்த கேளுங்கடா, இவங்க பெரிய ஆளு என்பாய். பிள்ளைகள் எதுவும் கேட்கமாட்டார்கள். எல்லாக் கேள்வியையும் உன்னிடமே கேட்டுப் பழகியவர்கள். ஒருமுறைகூட நீ அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை. உனக்குத் தெரியாது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

போன வருடம் ஒரு வாரக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். பதினாறாம் நாள் வந்தேன். உன் பள்ளிச் சீருடையில் தெருமுனை வரை பிள்ளைகள் நின்றிருந்தார்கள். எங்க மிஸ், எங்க மிஸ் என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் எழுதியது அப்படியே பலித்திருந்தது. இனி என்னை யார் குற்றம் சொல்ல முடியும்?

கிளம்பும்போது உன் கணவர் ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கொண்டுவந்தார். இதுல உங்க பேரு நெறைய எடத்துல கீது மேடம், நீங்களே வெச்சிக்குங்க என்றார். எந்த விண்ணப்பத்துக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நம் பழக்கம். ரயிலில் உட்கார்ந்து திறந்தேன். உனக்காக நான் எழுதிய கடிதம் இருந்தது, இரண்டு பிரதிகளாக. ஒன்று முதலில் டைப் செய்தது. அதில் முப்பத்தாறு என்பதைப் பென்சிலால் அடித்து மேலே 38 என்று நீ எழுதியிருந்தாய். நான் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் நீ தனியாகப் போய் அளந்த இரண்டு கிணறுகள். மற்றது திருத்தி டைப் செய்து சாரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோன கடிதத்தின் ஜெராக்ஸ். அதில் முப்பத்தெட்டு என்று இருந்தது. மற்ற எழுத்தெல்லாம் என்னுடையது. கையெழுத்து அழகானது, சொன்னதைச் செய்பவள், சிறந்த பள்ளி ஆசிரியை.

கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சரா நல்லா வருவனா என்று நீ கேட்டது உன் அப்பாவுக்காக இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறாய். என் வாயால் ஒரு சொல் வரட்டும் என்று சார் அறை வாசல் வரைக்கும் காத்திருந்திருக்கிறாய். கடையிலேயே உட்கார்ந்து முழுக் கடிதத்தையும் மாற்றி எழுதியிருக்கலாம். சார் படித்திருக்கமாட்டார். எனக்கும் தெரிந்திருக்காது. உன்னைப் பற்றி எழுதியதில் தப்பாக இருந்த எண்ணை மட்டும் திருத்திவிட்டு, என்னைப் பற்றி எழுதியதில் நீயே ஒரு பொய்யைச் சேர்த்திருக்கிறாய். ஏன் என்று பல விதமாக யோசித்தேன். நான் எழுதியதை நீ உண்மை என்று நம்பிவிட்டாயோ என்பதுதான் என்னால் தாங்க முடியாத பதில்.

இன்று மதியம் அந்த மாணவியைக் கூப்பிட்டேன். இந்தத் தாளை எடுத்துக்கொண்டு போ, நானே எழுதித் தருகிறேன் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. ஆசிரியரே உட்கார்ந்து எழுதுகிறார் என்றால் ஏதோ விபரீதம் என்றுதான் இங்கே பிள்ளைகள் நினைப்பார்கள். கதவு வரை போய்த் திரும்பி நின்றாள்.

"நல்லா எழுதுவீங்களா மேடம்?"

நல்லா என்று சுலபமாகச் சொல்லிவிடும் ஆள் நான் என்பது எனக்குத் தெரியும்.

"உக்காரு" என்றேன். "இந்த ஏழு மாசத்துல யாரும் சொல்லிக்குடுக்காம நீயா கேட்ட கேள்வி எது, அதைச் சொல்லு."

அவள் யோசிக்கத் தொடங்கினாள். நேரமாயிற்று. என் கைப்பையில் உன் ஃபைல் இருந்தது. பென்சில் எழுத்து மங்கிவிட்டது, ஆனால் 38 இன்னும் தெரிகிறது. அவள் யோசித்து முடிக்கும்வரை, ஒரு தாளின் மேலே அவள் பெயரை மட்டும் எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.