பதினான்கு கீறல்கள்

அன்புள்ள சின்னுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முட்டிவலி மாத்திரைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று எழுது.

உன் பேஸ் கிட்டாரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். போனில் எனக்குக் கோவையாகப் பேச வராது என்பது உனக்குத் தெரியும்.

நீ சொன்னபடி விற்பனை விளம்பரத்தை நானே எழுதிப் போட்டேன். அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் பிழை திருத்தியவனுக்குக் குறைகள்தான் முதலில் கண்ணில் படும். கீறல்கள் பதினான்கு, ஒவ்வொன்றின் நீளம், ஒரு திருகாணியில் துரு, சிறிய கைக்கு அளவெடுத்துச் செய்ததால் எல்லோருக்கும் பொருந்தாது என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஒலி நன்றாக இருக்கும் என்று எழுதவில்லை. எனக்குத் தெரியாததை எப்படி எழுதுவது? அம்மா படித்துவிட்டு, "இது விளம்பரமா, மொட்டைக் கடுதாசியா?" என்றாள்.

மூன்று வாரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை.

போன ஞாயிறு ஒரு பெண் வந்தார். பேருந்து ஓட்டுகிறவர், கை உன் கையளவுதான். கிட்டாரைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி அதன் கழுத்தோரமாகப் பார்த்தார். "கம்பியைத் தளர்த்தி வச்சது யாருங்கய்யா? கழுத்து பின்னால வளைஞ்சிருக்கே. கம்பி இழுத்துப் பிடிச்சாத்தான் இது நேரா நிக்கும்" என்றார்.

நான்தான். நீ புறப்பட்ட மறுநாள், சும்மா இருக்கும் கருவி ஓய்வெடுக்கட்டும் என்று யாரையும் கேட்காமல் தளர்த்தினேன். நான்கு வருடமாக அப்படியே இருந்திருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

அவர் ஒரு சிறு சாவியால் அரை மணி நேரம் திருகிச் சரிசெய்தார். பிறகு உன் ஒலிபெருக்கியில் செருகி வாசித்தார். மேசைமேல் இருந்த என் மூக்குக்கண்ணாடி மெல்ல நகர்ந்தது. கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான், வேறொருவர் சொல்லிவைத்திருக்கிறார், ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் போனதும், "யாருங்க அந்த வேறொருத்தர்?" என்று அம்மா கேட்டாள். நான் இந்தக் கடிதத்துக்குத் தாள் தேடப் போனேன்.

"இனிமே யாருப்பா வாசிக்கப் போறா, வித்துடுங்க" என்று நீ சொன்னபோது, அது களைப்பா முடிவா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது கேட்கிறேன். முடிவென்றால் எழுது, அவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கொடுத்துவிடுகிறேன். நல்ல கைக்குத்தான் போகிறது.

இன்னொன்றும் உண்டு. நீ வாசித்துப் பழகிய நாட்களில், அக்கம்பக்கத்தார் ஏதாவது சொல்வார்களோ என்று பயந்து கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்வேன். ஒருநாளும் உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. யாரோ ஒருவர் வாசித்துத்தான் அது எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரிந்தது. நீ வாசித்து ஒருமுறை கேட்க வேண்டும் என்று இருக்கிறது. இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை.

உன் விருப்பம் எதுவோ அப்படியே ஆகட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாக இரு, மகளே.

அன்புடன்,
அப்பா