இடது தோள்

என் கோபக்காரிக்கு,

மகள் வீட்டில் சௌக்கியமாக இருப்பாய். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

என் குறட்டை உன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஒரு வருடமாக ஹாலில் படுத்தேனே, அது பச்சைப் பொய். நீ வந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் வேண்டுமென்றே குறட்டை விட்டேன். நீ ஆசையாகக் கை போட்டாலும் என் உடம்பு கட்டை மாதிரிதான் கிடந்தது. அதை எப்படிச் சொல்வேன்? நீயோ, எனக்கு வேறு எவளோ இருக்கிறாள் என்று நினைத்துப் பெட்டியைக் கட்டிவிட்டாய்.

நீ போன மறுநாள், லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் மூன்றாவது மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி என்னை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனார்.

“ரெண்டு தடவை காலையில ரத்தம் எடுத்துப் பாத்தாச்சு. ஆண் ஹார்மோன் ரொம்பக் கம்மியா இருக்கு. இதுல வெக்கப்பட என்ன இருக்கு?” என்றார் டாக்டரம்மா, பரிசோதனையெல்லாம் முடிந்த பிறகு. அப்பாடா என்று இருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

ஐந்து வாரமாகத் தினமும் காலையில் தோளில் ஒரு ஜெல் தடவுகிறேன். இப்போது படியேற முடிகிறது. உன் நினைப்பும் வருகிறது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, போ.

அந்த மருந்து பெண்கள் மேல் படக் கூடாதாம். “இடது தோள்ல என் வீட்டுக்காரி தலை வெச்சுப் படுப்பாளே” என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “அப்ப வலது பக்கம் மட்டும் தடவுங்க.”

இடது தோளில் இன்றுவரை ஒரு சொட்டுகூடப் படவில்லை.

இப்படிக்கு,
குறட்டையே விடாத உன் வீட்டுக்காரன்