ஒரு மணி ஐந்து நிமிட விமானம்

அனுப்புநர்:
மருந்தாளுநரின் கணவர்,
நாளிதழ் செய்தியாளர்,
மருத்துவமனை ஊழியர் குடியிருப்பு.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவப் பணிகள் அலுவலகம்.

பொருள்: என் மனைவியின் பணியிட மாறுதல் – பயண நேரம் தவறாகக் கணக்கிடப்பட்டது – மறு ஆய்வு கோருதல்.

பார்வை: அவர் முன்பு அளித்த இரு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்நகருக்கும் துறைமுக நகருக்கும் இடையே விமானம் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. நேற்று பிற்பகல் இந்நகர் விமான நிலைய மேலாளர் இதை எழுத்து மூலம் உறுதி செய்தார். கடிதத்தை இணைத்துள்ளேன்.

2. பாலூட்டும் தாயை மூன்று மணி நேரப் பயணத்துக்கு அப்பால் மாற்றக் கூடாது என்பது தங்கள் துறையின் விதி. எங்கள் மகளுக்கு ஐந்து மாதம். ஆயினும் என் மனைவியைத் துறைமுக நகருக்கு மாற்றிய உத்தரவில் 'பயண நேரம்: 1 மணி 5 நிமிடம்' என்றிருக்கிறது.

3. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று மாறுதல் பிரிவு எழுத்தரிடம் விசாரித்தேன். நல்ல மனிதர், திரையை என் பக்கம் திருப்பியே காட்டினார். ஊர்களுக்கு இடையேயான தூரத்தையும் விமான நேரத்தையும் சொல்லும் இணையப் பக்கம் அது. "கம்ப்யூட்டர்லயே போட்டிருக்கு சார், நானா எழுதினேன்?" என்றார். வரைபடத்தில் நேர்கோடாக 540 கிலோமீட்டர். அதை மணிக்கு 500 என்ற வேகத்தால் வகுத்திருக்கிறார்கள். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அவர்களே அதைச் சொல்லியும் இருக்கிறார்கள்.

4. அதே பக்கத்தில் தங்கள் அலுவலகத்தையும் எதிரிலுள்ள தேநீர்க் கடையையும் கொடுத்துப் பார்த்தேன். விமான நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்றது. எழுத்தர் அந்தத் தூரத்தை நாளுக்கு நான்கு முறை நடந்தே கடக்கிறார்.

5. கேள்விப்பட்டதை மட்டும் வைத்து எழுதுவது என் தொழிலில் வழக்கமில்லை. எனவே கடந்த வியாழக்கிழமை நானே போய் வந்தேன். காலை 5.35க்கு வீட்டிலிருந்து கிளம்பி, ரயிலில் சந்திப்பு நிலையம் வரை சென்று, அங்கே ஒரு மணி இருபது நிமிடம் காத்திருந்து பேருந்து பிடித்து, மாலை 6.50க்குத் துறைமுக நகர் மருத்துவமனை வாசலில் நின்றேன். மொத்தம் 13 மணி 15 நிமிடம். பயணச் சீட்டுகள் இணைப்பில் உள்ளன. அங்கே பழைய ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அதில் லாரி ஓட்டக் கற்றுத் தருகிறார்கள்.

6. என் மனைவியின் இரு மனுக்களுக்கும் 'தூரம் விதிக்கு உட்பட்டதே' என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. இரண்டாவது பதிலைப் படித்துவிட்டு அவர், "அந்த ஃபிளைட்ல எனக்கு ஒரு டிக்கெட் வாங்கித் தரச் சொல்லுங்க, நாளைக்கே போய்ச் சேர்றேன்" என்றார். பிறகு துணி மடிக்கப் போனார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாகப் புட்டிப்பால் பழக்குகிறோம். குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

7. ஆகவே, மெய்யான பயண நேரத்தைக் கணக்கில் கொண்டு இம்மாறுதலை ரத்து செய்யுமாறும், அதுவரை என் மனைவியைப் பணியிலிருந்து விடுவிக்காதிருக்க ஆணையிடுமாறும் வேண்டுகிறேன்.

8. மறு ஆய்வுக் குழு வரும் வியாழன் காலை பதினொரு மணிக்குக் கூடும் என்று பிரிவு அலுவலர் தெரிவித்தார். இந்த மனு அதில் வைக்கப்படுமா என்பது இன்னும் தெரியவில்லை. நாளை மாலைக்குள் சொல்வதாகக் கூறியிருக்கிறார். உத்தரவு வராவிட்டால் வெள்ளி மாலை என் மனைவி விடுவிக்கப்படுவார். ரயில் 7.10க்கு. குழந்தை பால் கேட்கும் நேரம் 7.30.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மருந்தாளுநரின் கணவர்

இடம்: ஊழியர் குடியிருப்பு
நாள்: 14, செவ்வாய்க்கிழமை

இணைப்பு: விமான நிலையக் கடிதம், ரயில் சீட்டு, பேருந்துச் சீட்டு, இணையப் பக்கத்தின் அச்சுப் பிரதிகள் இரண்டு.